மின்தடைக்கு இழப்பீடு: கணக்கு யார் கையில்?

மின்கட்டணத்தைக் கெடு தேதிக்குள் கட்டத் தவறினால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். தாமதக் கட்டணம் சேரும். இணைப்பைத் துண்டிப்பார்கள். திரும்பப் பெற மறுஇணைப்புக் கட்டணம் கட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தொகை உண்டு, நாள் கணக்கு உண்டு, ரசீது உண்டு. மின்சாரம் தருபவர் தன் கெடுவைத் தவறவிட்டால்? ராத்திரி போன கரண்ட் மறுநாள் மதியம்வரை வராவிட்டால் அவர் நமக்கு என்ன தர வேண்டும்? இதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. “ஈபி ஆபீஸுக்குப் போன் போட்டாச்சு, வந்து பார்ப்பாங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

சட்டத்தில் பதில் இருக்கிறது. அது எழுதப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மின்தடை குறித்த நேரத்துக்குள் சரிசெய்யப்படாவிட்டால் நுகர்வோருக்கு இழப்பீடு உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தத் தேவையான தகவல்தான் நுகர்வோரிடம் வந்து சேர்வதில்லை. தடை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, கெடு தாண்டியதா, எந்தக் காரணத்தால் விலக்கு அளிக்கப்பட்டது, யாருக்கு எவ்வளவு தரப்பட்டது ஆகிய அனைத்தும் மின்விநியோக நிறுவனத்தின் பதிவேடுகளுக்குள்ளேயே இருக்கின்றன. கடன் வாங்கியவரிடமே கணக்கு நோட்டையும் கொடுத்துவைத்திருக்கும் ஏற்பாடு இது. தொகையை உயர்த்துவது, புது விதிகள் எழுதுவது எல்லாம் இந்த ஏற்பாடு மாறிய பிறகே பயன் தரும். இந்தக் கட்டுரை சட்டம் சொல்வதையும், தகவல் எந்தெந்த இடத்தில் மறைகிறது என்பதையும், பிற இடங்களில் என்ன செய்திருக்கிறார்கள் என்பதையும் வரிசையாகப் பார்க்கிறது.

சட்டம் தந்த உரிமை

மின்சாரச் சட்டம் 2003இன் 57ஆம் பிரிவுதான் அடிப்படை. மின்விநியோக உரிமம் பெற்றவர் எந்தத் தரத்தில் சேவை செய்ய வேண்டும் என்பதை ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கலாம். அந்தத் தரம் தவறினால், பாதிக்கப்பட்டவருக்கு ஆணையம் நிர்ணயிக்கும் இழப்பீட்டை உரிமதாரர் கொடுக்க வேண்டும். நிர்ணயித்த 90 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். வேறு அபராதமோ வழக்கோ இருந்தாலும் இந்தப் பொறுப்பு தனியாக நிற்கும்.

இதன்படி தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004இல் மின்விநியோகச் செயல்திறன் தரங்களுக்கான ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. மின்தடையைச் சரிசெய்வதில் தாமதம் ஏற்பட்டால் ஒவ்வொரு 6 மணி நேரத்துக்கும் 50 ரூபாய், அதிகபட்சம் 2000 ரூபாய் என்று அது வகுத்தது. புது இணைப்பு தருவதில் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் 1000 ரூபாய் வரை. மின்னழுத்தக் குறைபாடு பற்றிய புகாரைக் குறித்த காலத்துக்குள் வந்து பார்க்காவிட்டாலோ, கண்டறிந்ததைத் தெரிவிக்காவிட்டாலோ 250 ரூபாய். வருவதாகச் சொன்ன நேரத்துக்கு வராமல் போனாலும் இழப்பீடு உண்டு.

2020 டிசம்பர் 31 அன்று ஒன்றிய மின்துறை அமைச்சகம் மின்சார (நுகர்வோர் உரிமைகள்) விதிகளை அறிவித்தது. அதில் ஒரு முக்கியமான முன்னேற்றம் உண்டு. தொலைவிலிருந்தே கண்காணிக்கக்கூடிய தரங்களில் உரிமதாரர் தவறியது உறுதியானால், நுகர்வோர் கேட்காமலேயே இழப்பீடு தானாக வழங்கப்பட வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. குறித்த நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் போவது, குறித்த எண்ணிக்கைக்கு மேல் தடைகள் ஏற்படுவது, இணைப்பு தருவதில் தாமதம், மின்னழுத்தப் புகார், கட்டணப் புகார் ஆகியவை இழப்பீட்டுக்கு உரியவை. இழப்பீடு கோர இணையவழி வசதி வேண்டும். அந்த வசதியைப் பற்றி ஊடகங்கள், கட்டணப் பட்டியல், குறுஞ்செய்தி, இணையதளம் வழியாக மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் விதிகளில் இருக்கிறது.

புகார் தீராவிட்டால் போகும் வழியும் சட்டத்தில் உண்டு. ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்திலும் மின்நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அதன் முடிவில் நிறைவில்லை என்றால் மின்குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் 50 ரூபாய்க்கோ 200 ரூபாய்க்கோ யார் மனு எழுதி, நகல் எடுத்து, வேலையை விட்டுவிட்டு வட்ட அலுவலகத்துக்குப் போவார்கள்? போனாலும் மன்றம் கேட்கும் முதல் கேள்வி, தடை எத்தனை மணி நேரம் நீடித்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்பதாகத்தான் இருக்கும். ஆதாரம் எதிர்த்தரப்பின் பதிவேட்டில் இருக்கிறது.

கடிகாரம் எங்கே ஓடுகிறது?

மின்தடையின் நீளத்தை அளப்பது எளிய வேலைபோலத் தெரியும். கரண்ட் போன நேரம், வந்த நேரம், இரண்டுக்கும் உள்ள இடைவெளி. நடைமுறையில் இந்த இரண்டு நேரங்களும் சிக்கலானவை.

துணைமின் நிலையத்திலிருந்து 11 கிலோவோல்ட் ஃபீடர்கள் புறப்படுகின்றன. ஒவ்வொரு ஃபீடரும் பல டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தாழ்வழுத்தக் கம்பிகள் தெருவுக்குள் வருகின்றன. நகரங்களில் புதைவடம் வழியாகப் பில்லர் பெட்டிக்கு வருகின்றன. அங்கிருந்து வீட்டு மீட்டருக்கு. ஃபீடர் முழுவதும் நின்றால் துணைமின் நிலையத்தில் அது பதிவாகும். அங்குள்ள மீட்டரும் காட்டும், பணியில் இருப்பவரின் பதிவேட்டிலும் ஏறும். ஆனால் மரக்கிளை விழுந்து ஒரு தெருவின் கம்பி அறுந்தாலோ, டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃபேஸின் ஃபியூஸ் போனாலோ, பில்லர் பெட்டி எரிந்தாலோ ஃபீடர் மீட்டருக்கு அது தெரியாது. அதன் கணக்கில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். தெரு இருட்டில் கிடக்கும்.

மின்நிறுவனங்களின் நம்பகத்தன்மையை அளக்க உலகெங்கும் இரண்டு சராசரிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு நுகர்வோருக்கு ஆண்டில் சராசரியாக எத்தனை முறை தடை ஏற்பட்டது என்பது ஒன்று, மொத்தம் எவ்வளவு நேரம் என்பது மற்றொன்று. இந்த எண்களை ஃபீடர் அளவிலிருந்து மட்டும் கணக்கிட்டால், மேலே சொன்ன தெருவின் இருட்டு எதிலும் சேராது. நாம் அன்றாடம் அனுபவிக்கும் தடைகளில் பல இந்தக் கடைசிக் கண்ணியில்தான் நேர்கின்றன.

அங்கே தடையின் தொடக்க நேரம் என்று கொள்ளப்படுவது, பொதுவாக, புகார் பதிவான நேரம். பிரிவு அலுவலகத்தின் ஃபியூஸ் ஆஃப் கால் பதிவேட்டிலோ, 2021இல் தொடங்கப்பட்ட மின்னகம் நுகர்வோர் சேவை மையத்திலோ புகார் ஏறினால்தான் கெடு ஓடத் தொடங்கும். போன் எடுக்கப்படாத நேரம் கணக்கில் வராது. ‘பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார்’ என்று எல்லோரும் சும்மா இருந்துவிட்ட நேரமும் வராது. முடிவு நேரத்திலும் இதே சிக்கல். புகார் தீர்ந்தது என்று கணினியில் மூடுபவர் நிறுவனத்தின் ஊழியர். தீர்ந்ததா என்று நுகர்வோரிடம் உறுதி கேட்காமல் மூட முடியும் என்றால், அந்த நேரத்தை நம்பி இழப்பீடு கணக்கிடுவது சரியாகாது.

இந்த இடைவெளியை நிரப்ப வெளியிலிருந்தும் முயன்றிருக்கிறார்கள். புணேயைச் சேர்ந்த பிரயாஸ் எரிசக்திக் குழு, வீடுகளிலும் கடைகளிலும் சிறு பதிவுக் கருவிகளைப் பொருத்தி, நிமிடத்துக்கு நிமிடம் மின்னழுத்தத்தைப் பதிவு செய்து இணையத்தில் எவரும் பார்க்கும்படி வெளியிட்டது. பல மாநிலங்களில் நடந்த அந்தப் பணி ஒன்றை நிரூபித்தது: மின்சாரம் எந்த நிமிடம் போய் எந்த நிமிடம் வந்தது என்பதைச் சுவர்முனையிலிருந்தே அளக்க முடியும், அளந்ததைப் பொதுவெளியில் வைக்கவும் முடியும்.

இப்போது ஸ்மார்ட் மீட்டர்கள் வருகின்றன. 2021இல் ஒன்றிய அரசு தொடங்கிய மின்விநியோகச் சீரமைப்புத் திட்டத்தில் அவை மையமான இடம் பெற்றிருக்கின்றன. மின்சாரம் நின்ற நேரமும் திரும்பிய நேரமும் அந்த மீட்டரில் பதிவாகின்றன. நுகர்வு அளவைக் கணக்கிட்டுக் கட்டணம் வசூலிக்க அந்தத் தரவு போதுமான ஆதாரம் என்றால், தடைக்கு இழப்பீடு தரவும் அதே தரவு போதுமான ஆதாரம்தான். தொலைவிலிருந்து கண்காணிக்கக்கூடியவை என்று 2020 விதிகள் வைத்த நிபந்தனை, ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய ஒவ்வொரு வீட்டிலும் நிறைவேறிவிடுகிறது. அந்தப் பதிவை நுகர்வோர் தன் கைப்பேசியில் பார்க்க முடியுமா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

விலக்குகளின் இருட்டு

எல்லாத் தடைக்கும் இழப்பீடு கேட்பது நியாயமில்லை. புயல், வெள்ளம், மின்தொகுப்பு முழுவதும் செயலிழப்பது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. முன்கூட்டி அறிவித்த மாதாந்திரப் பராமரிப்புக்கும் உண்டு. 2008க்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழ்நாடு அனுபவித்த நீண்ட மின்வெட்டு, உற்பத்திப் பற்றாக்குறையால் அறிவித்துச் செய்யப்பட்டது. அதைப் பழுது நீக்கும் கெடுவோடு சேர்த்துப் பார்க்க முடியாது.

விலக்கு இருப்பதில் தவறில்லை. அதன் எல்லையை யார் முடிவு செய்கிறார்கள், அந்த முடிவு எங்கே எழுதப்படுகிறது என்பதில்தான் பிரச்சினை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்த ஊழியர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அந்த முதல் நாட்களுக்கு எவரும் இழப்பீடு கேட்கமாட்டார்கள். ஆனால் உள்ளடங்கிய சிற்றூர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. எத்தனையாவது நாளில் இயற்கையின் பொறுப்பு முடிந்து நிறுவனத்தின் பொறுப்பு தொடங்குகிறது? கம்பங்கள் விழுந்ததற்குக் காற்று காரணம். மாற்றுக் கம்பங்கள் கிடங்கில் போதிய அளவு இருந்தனவா, மழைக்காலத்துக்கு முன் கிளைகள் வெட்டப்பட்டனவா என்பவை காற்றின் பொறுப்பில் வருவன அல்ல.

பிரிட்டன் இந்தக் கேள்வியை எதிர்கொண்ட விதம் பயனுள்ளது. அங்கே கடும் வானிலைக்கு முழு விலக்கு கிடையாது. கெடு நீளும், அவ்வளவுதான். இயல்பான நாட்களில் 12 மணி நேரம் தாண்டினால் இழப்பீடு. புயல் என்றால் அதன் கடுமையை வகைப்படுத்தி, 24 அல்லது 48 மணி நேரம் தாண்டியதும் இழப்பீடு. 2021 நவம்பர் 26 அன்று ஆர்வென் புயல் ஸ்காட்லாந்தையும் வட இங்கிலாந்தையும் தாக்கியபோது 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நுகர்வோர் மின்சாரம் இழந்தார்கள். சுமார் 4,000 வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அப்போது இழப்பீட்டின் உச்சவரம்பு 700 பவுண்டு. பாதிப்பின் அளவைப் பார்த்து அந்த வரம்பை நீக்கிக் கொடுக்க நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விசாரித்து அறிக்கை வெளியிட்டது. எந்த நிறுவனம் தகவல் தருவதில் தவறியது, எது இழப்பீடு தரத் தாமதித்தது என்பதைப் பெயர் சொல்லி எழுதியது. பிற்பாடு உச்சவரம்பு 2,000 பவுண்டாக உயர்ந்தது. ஒரு புயல் முடிந்ததும் அதன் கணக்கு பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது என்பதுதான் நாம் இதில் கவனிக்க வேண்டியது.

பின்லாந்தில் புயல் என்ற காரணமே தானாக விலக்கு ஆகிவிடுவதில்லை. 12 மணி நேரத்தைத் தாண்டிய தடைக்கு, நுகர்வோர் ஆண்டு முழுவதும் கட்டும் மின்கட்டமைப்புக் கட்டணத்தின் ஒரு பங்கு இழப்பீடு. 10 சதவீதத்தில் தொடங்கும் அது, தடை நீள நீள 200 சதவீதம் வரை ஏறும். 2011 இறுதியில் வீசிய புயல்களுக்குப் பிறகு 2013இல் அந்நாடு சட்டத்தை இறுக்கியது. புயலாலோ பனியாலோ ஏற்படும் தடை நகர்ப்புறத்தில் 6 மணி நேரத்தையும் பிற இடங்களில் 36 மணி நேரத்தையும் தாண்டாதபடி கட்டமைப்பை வலுப்படுத்த நீண்டகால இலக்கு வைத்தது. ஸ்வீடனில் 2005 ஜனவரியில் குத்ரூன் புயல் லட்சக்கணக்கானோரை இருளில் தள்ளிய பிறகு இதேபோன்ற இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அதன்பின் காட்டுப் பகுதிகளில் வானில் ஓடிய கம்பிகள் பெருமளவில் மண்ணுக்குள் போயின. மரம் விழுந்தால் பணம் கொடுக்க வேண்டும் என்றானபோது, மரம் விழுந்தாலும் அறாத வடத்தைப் புதைப்பது நிறுவனங்களுக்கு லாபமாயிற்று.

கேட்டால் தருவதும் கேளாமல் வருவதும்

இழப்பீட்டுத் திட்டங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்: நுகர்வோர் கேட்டால் தருவது, கேளாமலே கணக்கில் வரவு வைப்பது. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் மிக அதிகம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நெடுங்காலம் முதல் வகைதான் இருந்தது. நீண்ட தடைக்கு 25 டாலர், அதுவும் ஒரே ஒரு முறை, அதுவும் விண்ணப்பித்தால். 2023 பிப்ரவரியில் உறைமழைப் புயல் லட்சக்கணக்கான வீடுகளை நாள்கணக்கில் இருளில் வைத்தது. அதே ஆண்டு அம்மாநிலப் பொதுச்சேவை ஆணையத்தின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. தொகை உயர்ந்தது, கெடு தாண்டிய ஒவ்வொரு கூடுதல் நாளுக்கும் தனியே தொகை சேர்ந்தது, பணவீக்கத்துக்கு ஏற்ப ஆண்டுதோறும் மாறும் ஏற்பாடு வந்தது. இவை எல்லாவற்றையும்விட முக்கியம், வரவு தானாக வைக்கப்பட வேண்டும் என்ற கட்டளை. உரிமை இருப்பது தெரியாதவருக்கும், தெரிந்தும் விண்ணப்பிக்க நேரமில்லாதவருக்கும் அப்போதுதான் அந்தப் பணம் போய்ச் சேரும்.

இந்தியாவில் தில்லி 2018இல் இதே திசையில் ஓர் அடி எடுத்து வைத்தது. அறிவிக்கப்படாத தடைக்கு முதல் ஒரு மணி நேரம் சலுகை. அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு மணிக்கு 50 ரூபாய். அதன்பின் மணிக்கு 100 ரூபாய். தொகையை நுகர்வோர் கணக்கில் நிறுவனமே சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டு, நுகர்வோர் புகார் செய்ய நேர்ந்தால் அதைவிடப் பல மடங்கு தர வேண்டியிருக்கும் என்பது அந்தத் திட்டத்தின் முக்கியமான கூறு. தகவலை மறைப்பதால் லாபம் இல்லை என்ற நிலையை அது உருவாக்க முயல்கிறது.

தானாகத் தருவதில் பிரிட்டனுக்கு ஒரு தடை உண்டு. அங்கே கம்பிகளைப் பராமரிக்கும் நிறுவனம் வேறு, நுகர்வோருக்குக் கட்டணப் பட்டியல் அனுப்பும் நிறுவனம் வேறு. தடைக்குப் பொறுப்பான நிறுவனத்திடம் பல நேரம் நுகர்வோரின் பெயரோ வங்கிக் கணக்கோ இருப்பதில்லை. ஆர்வென் புயலுக்குப் பின் பணம் போய்ச் சேர்வதில் ஏற்பட்ட தாமதத்துக்கு இதுவும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் அந்தச் சிக்கலே இல்லை. கம்பியும் மீட்டரும் கட்டணப் பட்டியலும் ஒரே நிறுவனத்திடம் இருக்கின்றன. எந்த மின்இணைப்பு எந்த டிரான்ஸ்ஃபார்மரில், அந்த டிரான்ஸ்ஃபார்மர் எந்த ஃபீடரில் என்பது சரியாகப் பதிவாகியிருந்தால் போதும். ஃபீடர் நின்ற நேரத்தை எடுத்து, அதன்கீழ் உள்ள எல்லா இணைப்புகளுக்கும் அடுத்த பட்டியலில் வரவு வைப்பது கணினிக்கு மிகச் சிறிய வேலை.

தொகை சிறியது, தகவல் பெரியது

தமிழ்நாட்டின் 2004ஆம் ஆண்டு அளவுகோலின்படி, கெடுவுக்கு மேல் 24 மணி நேரம் தாமதமானால் கிடைப்பது 200 ரூபாய். உச்சவரம்பான 2000 ரூபாயைத் தொட 240 மணி நேரம், அதாவது 10 முழு நாட்கள் ஆகும். தில்லியின் 2018 திட்டப்படி ஒரே நாளில், 24 மணி நேரத் தடைக்கு, 2,200 ரூபாய் வருகிறது. 2004இல் 50 ரூபாய்க்கு இருந்த மதிப்பு இன்று இல்லை. விலைவாசியோடு சேர்ந்து நகராத தொகை ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டே வரும்.

தொகை உயர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 50 ரூபாய்கூட ஒழுங்காகக் கணக்கிட்டுத் தரப்பட்டால் பெரிய மாற்றம் நேரும். ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் 200 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். 6 மணி நேரத் தாமதத்துக்கு 10,000 ரூபாய். அந்த டிரான்ஸ்ஃபார்மர் கோடை முழுவதும் அடிக்கடி பழுதாகிறது என்றால், அதை மாற்றாமல் விட்டதன் விலை ஓர் எண்ணாக மேசைக்கு வந்துவிடும். இன்று அந்த விலை 200 வீடுகளில் சிதறிக் கிடக்கிறது: கெட்டுப்போன மாவு, நின்றுபோன தையல் மெஷின், தூங்காத குழந்தை, கடையில் உருகிய ஐஸ். எவர் கணக்கிலும் ஏறாத செலவுகள் இவை. இழப்பீடு அவற்றை ஈடுகட்டாது. அவை நடந்தன என்பதைப் பதிவு செய்யும். எந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு முதலில் பணம் ஒதுக்குவது என்று முடிவெடுக்கும் பொறியாளருக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

எவரும் கேட்காத 59ஆம் பிரிவு

மின்சாரச் சட்டத்தில் 57ஆம் பிரிவைப் பற்றியாவது நுகர்வோர் அமைப்புகள் பேசுகின்றன. வெளிப்படைத்தன்மைக்கு அடிப்படையான 59ஆம் பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. அதன்படி ஒவ்வொரு உரிமதாரரும் இரண்டு தகவல்களை ஆணையத்திடம் தர வேண்டும். எட்டிய சேவைத் தரம் என்ன என்பது ஒன்று. எத்தனை நிகழ்வுகளில் இழப்பீடு தரப்பட்டது, அதன் மொத்தத் தொகை எவ்வளவு என்பது மற்றொன்று. ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தத் தகவல்களை வெளியிட ஆணையம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

சட்டம் இயற்றியவர்கள் இழப்பீட்டையும் அதைப் பற்றிய தகவலையும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் மாநிலம் முழுவதற்கும் ஒரே மொத்த எண் வந்தால் அதை வைத்து என்ன செய்வது? 3 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் உள்ள மாநிலத்தில் அந்த எண் எதையும் சொல்லாது. கெடு தாண்டிய தடைகள் எத்தனை, அவற்றில் விலக்கு அளிக்கப்பட்டவை எத்தனை, இழப்பீடு தரப்பட்டவை எத்தனை என்ற மூன்று எண்களும் பக்கம்பக்கமாக இருந்தால்தான் அர்த்தம் பிறக்கும். மூன்றாவது எண் பூஜ்யத்துக்கு அருகில் இருந்து முதல் எண் பெரிதாக இருந்தால், உரிமை காகிதத்திலேயே நிற்கிறது என்று யாரும் விளக்காமலே புரியும். இந்த எண்கள் பிரிவு அலுவலக வாரியாக வர வேண்டும். தன் ஊரின் எண்ணைத் தேடிப் பார்க்கத்தான் மக்களுக்கு ஆர்வம் இருக்கும்.

விநியோக நிறுவனம் அரசுடையது என்பதால் தகவல் உரிமைச் சட்டம் 2005ம் அதற்குப் பொருந்தும். கேட்பதற்கு முன்பே தகவலை வெளியிட வேண்டும் என்ற அச்சட்டத்தின் 4ஆம் பிரிவும் பொருந்தும். மாவட்டந்தோறும் ஒருவர் மனு போட்டு, 10 ரூபாய் கட்டி, முப்பது நாள் காத்திருந்து பெற வேண்டிய தகவலாக இது இருக்கக் கூடாது.

எதிர்ப்புகளும் பதில்களும்

இந்தக் கோரிக்கைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களை நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதல் வாதம் பணம். தமிழ்நாட்டின் மின்துறை ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கடன் சுமக்கிறது. இழப்பீடு தந்தால் அது மறுபடி கட்டண உயர்வாக நம் தலையிலேயே விழும் என்கிறார்கள். இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. அதற்கான மருந்து ஆணையத்திடம் இருக்கிறது. கட்டணத்தை நிர்ணயிக்கும்போது, தரம் தவறியதால் கொடுத்த இழப்பீட்டை நியாயமான செலவாக ஏற்க முடியாது என்று ஆணையம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்வதோடு, அந்தத் தொகையைக் கணக்கில் தனியாகக் காட்டச் செய்ய வேண்டும். கடனில் இருப்பவரும் தன் கணக்கைக் காட்டலாம். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

இரண்டாவது வாதம் ஊழியர்களைப் பற்றியது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். களப்பணியிடங்கள் பல காலியாக இருக்கின்றன. ஒரு வயர்மேன் பல ஊர்களைப் பார்க்கிறார். கெடுவின் அழுத்தத்தில், லைன் கிளியர் (கம்பியில் மின்சாரம் நிறுத்தப்பட்டது என்ற உறுதி) முறையாக வாங்காமல் கம்பத்தில் ஏறினால் உயிர் போகும். எந்த இழப்பீடும் ஓர் ஊழியரின் உயிருக்கு ஈடில்லை. ஆகவே இழப்பீட்டுச் செலவைக் களப்பணியாளரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பதை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். பிடித்தால் அநீதி ஒருபுறம். மறுபுறம் பதிவேடுகள் பொய்யாகும், தடைகள் காகிதத்தில் சுருங்கும். அதே நேரம், வெளிப்படையான தகவல் ஊழியருக்கே துணை. எந்தப் பிரிவில் கெடு தொடர்ந்து தவறுகிறது என்ற பட்டியலையும் எந்தப் பிரிவில் எத்தனை இடங்கள் காலி என்ற பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குற்றம் யாருடையது என்பது தெரியும். இன்று பொதுமக்களின் கோபம் கண்ணில் படும் ஒரே ஆளான லைன்மேன் மீது விழுகிறது. அவரை அந்த நிலையில் வைத்த நிர்வாக முடிவுகள் கண்ணில் படுவதில்லை.

மூன்றாவது வாதம், மக்கள் பொய்க் கோரிக்கை தருவார்கள் என்பது. மீட்டர் பதிவின்படி தானாக வரவு வைக்கும் முறையில் கோரிக்கை என்பதே இல்லை. ஆகவே பொய்க்கும் இடமில்லை.

செய்ய வேண்டியவை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து சில திட்டவட்டமான முடிவுகளுக்கு வரலாம்.

கட்டணப் பட்டியலில், கடந்த இரண்டு மாதங்களில் அந்த இணைப்புக்கு ஏற்பட்ட தடைகளின் எண்ணிக்கை, மொத்த நேரம், கெடு தாண்டியவை, வரவு வைத்த இழப்பீடு ஆகியவை அச்சாக வேண்டும். இழப்பீடு இல்லை என்றால் பூஜ்யம் என்று அச்சாகட்டும். பூஜ்யமும் ஒரு தகவல்தான். தவறான பூஜ்யத்தை நுகர்வோர் கேள்வி கேட்க முடியும்.

விலக்கு கோரும் ஒவ்வொரு முறையும், எந்தப் பகுதிக்கு, எந்த நாள் எந்த மணியிலிருந்து எதுவரை, என்ன காரணத்தால் என்பதை நிறுவனம் பொதுவில் அறிவிக்க வேண்டும். பேரிடர் விலக்குக்குக் கால வரம்பு வேண்டும். அறிவித்த பராமரிப்பு நேரம் தாண்டினால், தாண்டிய நிமிடத்திலிருந்து அது அறிவிக்காத தடையாகக் கருதப்பட வேண்டும்.

புகாரை மூடும் முன் நுகர்வோரின் உறுதிப்பாடு பெற வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் உள்ள இடங்களில் அதன் பதிவே தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஆதாரமாக வேண்டும். மீட்டர் பதிவு சரிதானா என்பதை ஆணையம் நியமிக்கும் வெளியாட்கள் ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும். தரவைத் தருபவரே தணிக்கையாளராக இருப்பது தகாது.

வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி போன்ற கருவிகளை நம்பி வாழ்பவர்கள், தனித்து வாழும் முதியவர்கள் ஆகியோருக்குப் பிரிட்டனில் முன்னுரிமைப் பதிவேடு உண்டு. தடை நேரும்போது அவர்களுக்கு முதலில் தகவல் போகும், உதவி போகும். இங்கும் அது வேண்டும். அவர்களுக்குத் தேவைப்படுவது மறுமாத வரவைவிட, கரண்ட் எப்போது வரும் என்ற நம்பகமான பதில்.

மின்தடையின் சுமை எல்லார் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். இன்வெர்ட்டர் வைத்த வீடு சில மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டர் வைத்த அடுக்ககம் தடையை உணராமலேகூட இருக்கும். இரண்டும் இல்லாத வீடு, வீட்டிலேயே தொழில் செய்யும் பெண், மோட்டாருக்காக இரவில் விழித்திருக்கும் விவசாயி ஆகியோர்தான் முழுச் சுமையையும் தாங்குகிறார்கள். மனு எழுதவும் மன்றத்துக்குப் போகவும் வசதி குறைந்தவர்களும் அவர்களே. கேட்டால் தருவோம் என்ற முறை அவர்களைத்தான் முதலில் வெளியே தள்ளுகிறது.

இவற்றில் முதல் அடிக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. 2003இன் 59ஆம் பிரிவும் 2020இன் விதிகளும் கையில் இருக்கின்றன. 2022இல் கட்டண உயர்வு பற்றி ஆணையம் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடத்தியது. பலர் வந்து பேசினார்கள். கட்டணம் ஏன் ஏறுகிறது என்ற கேள்வி அங்கே உரக்கக் கேட்டது. அடுத்த கூட்டத்தில் அதோடு இன்னொரு கேள்வியும் எழ வேண்டும்: எங்கள் பிரிவு அலுவலகத்தில் சென்ற ஆண்டு எத்தனை தடைகள் கெடு தாண்டின, எத்தனை பேருக்கு இழப்பீடு கொடுத்தீர்கள்? குடியிருப்போர் சங்கங்களும் விவசாய சங்கங்களும் சிறுதொழில் முனைவோர் அமைப்புகளும் இந்த ஒரே கேள்வியை எழுத்தில் கொடுத்தால் ஆணையம் பதில் சொல்லியாக வேண்டும். பதில் வந்தால் அதை வைத்து மேலே பேசலாம். பதில் தர எண்களே இல்லை என்றால், இருபது ஆண்டுகளாக அவற்றை ஏன் யாரும் திரட்டவில்லை என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.